நீலப் பையில் ஒளித்த கடிதம்

1

எங்கள் வீட்டில் ஒரு நீலப் பை இருக்கிறது. பரிசில் உள்ள எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்படி ஒரு பை இல்லாத வீட்டை நான் கண்டதில்லை. சிலருக்கு அது சூட்கேஸ், சிலருக்கு பிஸ்கற் பெட்டி. உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த நாட்டு அரசாங்கம் எங்களுக்குத் தந்த எல்லாக் கடதாசியும். வந்த கிழமையில் பிரிபெக்சர் என்ற அரச அலுவலகத்தில் தந்த தற்காலிக அனுமதி, மின்சாரக் கட்டணச் சிட்டைகள், சம்பளத் துண்டுகள், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியின் உறை. ஒன்றையும் எறிய மாட்டோம். எந்தக் கடதாசியை எந்த வருடத்தில் எந்த யன்னலில் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எதைத் தூக்குவீர்கள் என்று என் மனைவி சுகந்தி ஒருநாள் கேட்டாள். நான் பதில் சொல்ல ஒரு கணம் பிந்திவிட்டேன். அந்த ஒரு கணத்தை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் வேலை செய்வது பரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள ஒரு சின்னக் கடையில். போட்டோக் கொப்பி எடுப்போம், விண்ணப்பம் நிரப்புவோம், பிரெஞ்சில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லிப் பதிலும் எழுதிக் கொடுப்போம். என்னை அங்கே 'கடிதக்கார அண்ணை' என்பார்கள். மூன்று மாதமாக உடைக்காத உறைகளைச் சட்டைப் பையில் மடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அரசாங்க முத்திரையைக் கண்டால் எங்கள் சனத்துக்குப் பயம். அலுமாரிக்குள் போட்டுவிட்டுக் கந்தனே காப்பாற்று என்று இருந்துவிடுவார்கள். அவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசனம் உண்டு.

"கடிதத்தை ஒளிச்சு வைச்சா அரசாங்கம் மறந்துபோகுமெண்டு நினைச்சனீங்களோ?"

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று சொல்வார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாசி மாதம் நானே ஒரு கடிதத்தை ஒளித்து வைத்தேன்.

2

நான் இங்கே வந்து முப்பத்தொரு வருடமாகிறது. வரும்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்த நாட்களில் லாச்சப்பலில் ஒரு அறையில் எட்டுப் பேர் இருந்தோம். பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் ஒரே பாயில் முறை வைத்துப் படுத்தோம். ஒருவருக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தால் அதை எட்டுப் பேரும் வாசிப்போம். ரயில் பாதைக்கு மேலே உள்ள பாலத்தில் குளிருக்குள் நின்று, ஊரில் எங்கே குண்டு விழுந்ததாம், யார் யாராம் என்று கதைத்துக்கொண்டிருப்போம். கஷ்ட காலம்தான். ஆனாலும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது இப்போதும் என் கால் தானாகக் கொஞ்சம் மெதுவாகும். அந்த எட்டுப் பேரில் இருவர் கனடாவில், ஒருவர் மண்ணுக்குள். மற்றவர்களைக் கலியாண வீடுகளில் காண்கிறேன்.

இப்போது அதே தெருவில் நின்று எங்கள் ஆட்கள் கதைப்பது வேறு சண்டை. உக்ரைனில் தொடங்கியது நிற்கவில்லை. ரஷ்யன் அடுத்து எங்கே வருவான், சீனாக்காரன் தைவானைத் தொடுவானா, அமெரிக்காக்காரன் ஐரோப்பாவைக் கைவிடுவானா என்று தேநீர்க்கடையில் தீர்ப்பு வழங்குகிறார்கள். தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் வரைபடமும் அம்புக்குறியும். சீருடை போட்டவர்கள் வந்திருந்து, பிள்ளைகளும் நாடும் தயாராக இருக்க வேண்டும் என்கிறார்கள். இளம் ஆட்கள் விரும்பினால் பத்து மாதம் படையில் சேவை செய்யலாம் என்று ஒரு திட்டமும் அறிவித்திருக்கிறார்கள். முப்பது வருடமாக இந்த நாட்டில் நான் கேளாத பேச்சு இது.

எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கையாளர் குணம் அண்ணை. உணவகச் சமையலில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். கொப்பி எடுக்க ஒன்றும் இல்லாத நாளிலும் வருவார்.

"ரஷ்யன் வந்தாலும் லாச்சப்பலுக்கு வரமாட்டான் தம்பி. டாங்கி நிப்பாட்ட இடமில்லை," என்றார் ஒருநாள். வீட்டில் மெழுகுதிரியும் பருப்பும் வாங்கி அடுக்கியிருப்பதாக அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. "ஒரு நாட்டுக்கு இறுக்கிப் பிடிக்கிற ஒரு கை வேணும். இஞ்சை பார், ஒவ்வொரு கிழமையும் வேலைநிறுத்தம். ரஷ்யாவில ஒருத்தன் வாய் திறப்பானே?"

"அண்ணை, வாய் திறக்கேலாத இடத்திலயிருந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்," என்றேன்.

"அது வேற கதை," என்றார். எங்களுக்கு எல்லாமே வேறு கதைதான்.

தேர்தல் உள்ள நாடு, இல்லாத நாடு என்ற இந்த இரண்டு பக்கக் கணக்கு எனக்கு எப்போதும் சரியாகப் பிடிபடுவதில்லை. சின்ன வயதில் எங்கள் தலைக்கு மேலே பறந்தவற்றைச் சத்தத்தை வைத்தே பிரித்தறிவோம். ஹெலி வேறு, பொம்மர் வேறு. தேர்தல் வைக்கும் நாட்டில் செய்த விமானமும் வந்தது, தேர்தல் இல்லாத நாட்டில் செய்ததும் வந்தது. பதுங்கு குழிக்குள் இருந்தபடி அதைக் கேட்டு வைத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

இப்படியான ஒரு கிழமையில்தான், பரிசுக்கு வெளியே சார்செலில் எங்கள் அடுக்குமாடியின் கடிதப் பெட்டியில் அந்த உறை கிடந்தது. மகள் சாருகாவின் பெயருக்கு, படைத்துறை அமைச்சிலிருந்து.

அது என்ன கடிதம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வயதில் பிள்ளையை நகரசபையில் பதிய வேண்டும். பிறகு ஒருநாள் நாட்டுப் பாதுகாப்பு பற்றிய வகுப்புக்கு அழைப்பார்கள். காலையில் போனால் படம் காட்டுவார்கள், மத்தியானம் சாப்பாடு தருவார்கள், பின்னேரம் ஒரு சான்றிதழோடு அனுப்பிவிடுவார்கள். கட்டாயம் போக வேண்டும். ஆனால் யாரையும் பிடித்து வைக்க மாட்டார்கள். கடையில் எத்தனையோ பெற்றோருக்கு நானே இதைச் சிரித்துக்கொண்டு விளக்கியிருக்கிறேன்.

அன்று சிரிப்பு வரவில்லை. மின்தூக்கிக்குள் நின்று உறையை உடைத்தேன். பெயர், பிறந்த திகதி, வரவேண்டிய நாள், படைமுகாமின் முகவரி. என் பிள்ளையின் பெயர் ஒரு பட்டியலில் ஏறியிருந்தது. அதற்குமேல் என் புத்தி வேலை செய்யவில்லை. கடிதத்தைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், மழை பெய்கிறது என்று சுகந்திக்குச் சொன்னேன்.

3

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். வதனி. என்னைவிட இரண்டு வயது மூப்பு.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் வானொலி கேட்போம். பெடல் சுற்றுவது அக்கா, ஏரியல் கம்பியைப் பிடிப்பது நான். அவள் களைத்தால் வானொலிக்காரனின் குரலும் களைக்கும். அவள் வேண்டுமென்றே ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் சுற்றுவாள். செய்தி வாசிப்பவர் தள்ளாடுவார். அம்மா அடுப்படியிலிருந்து ஏசுவார். நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைக்கும்போது இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு நிறையும்.

சோவியத் ஒன்றியம் உடைந்த செய்தியை அப்படித்தான் கேட்டோம். பக்கத்து வீட்டு மாஸ்ரரும் வந்து நின்று கேட்டார். செய்தி முடிய, "இனி உலகத்தில பெரிய சண்டை இல்லையாம்," என்று எங்களுக்குச் சொன்னார்.

அக்கா பெடலை நிறுத்தினாள். "அப்ப எங்கட?" என்று கேட்டாள். மாஸ்ரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் என் கணக்குக் கொப்பிக்குள் ஒரு கடிதம் இருந்தது. நான் மட்டும்தான் அந்தக் கொப்பியைத் திறப்பேன் என்று அவளுக்குத் தெரியும். இடப்பக்கம் சாயும் அவளுடைய எழுத்து. இயக்கத்துக்குப் போவதாக எழுதியிருந்தாள். என்னை நன்றாகப் படிக்கச் சொல்லியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: 'அம்மாவுக்குப் பின்னேரம் சொல்லு. அதுக்கு முதல் சொல்லாதை.'

எனக்குப் பதினைந்து வயது. அக்கா சொன்னால் செய்கிறவன். கொப்பியோடு பள்ளிக்கூடம் போனேன், நாலு பாடம் இருந்தேன், ஒன்றும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மா மூன்று தோழிகளின் வீடுகளுக்குப் போய்த் தேடிவிட்டு வந்து வாசலில் நின்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. பின்னேரம் என்றால் எத்தனை மணி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் கடிதத்தைக் கொடுத்தேன்.

அம்மா வாசித்தார். என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "காலமை தந்திருந்தா நான் போய் மறிச்சிருப்பனே மோனை," என்று மட்டும் சொன்னார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவின் சாவுச் செய்தி வந்தபோதும் அம்மா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நான் வெளிநாடு போக ஒழுங்கானபோது அந்தக் கடிதத்தைக் கொண்டுபோக ஆசைப்பட்டேன். சட்டையின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துத் தரும்படி கேட்டேன். சோதனைச் சாவடியில் அது அகப்பட்டால் நான் உயிரோடு கொழும்புக்குப் போய்ச் சேரமாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியும். புறப்படுவதற்கு முதல்நாள் அதை அடுப்பில் வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் கையெழுத்தில் இன்று என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. வரவேற்பறையில் பள்ளிச் சீருடையோடு ஒரு படம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பரிசில் பிரிபெக்சர் யன்னலில் முதல்நாள் கேட்டது: 'உங்களிடம் என்ன பத்திரம் இருக்கிறது?' ஒன்றுமில்லை என்றேன். அன்றிலிருந்து நான் ஒரு கடதாசியையும் கிழித்ததில்லை.

4

சாருகா முகாமுக்குப் போகவேண்டியிருந்த நாள் வந்து போய்விட்டது. அன்று அவள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். நான் வழக்கம்போல ரயிலேறிக் கடைக்குப் போய், ஆட்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். யாருக்கும் புத்தி சொல்லவில்லை. குணம் அண்ணை, "என்ன, இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை," என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாருகாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கார் ஓட்டும் பரீட்சைக்குப் பதிவதற்கு அந்தப் பாதுகாப்பு நாளின் சான்றிதழ் வேண்டுமாம். தனக்கு இன்னும் அழைப்பே வரவில்லை என்று காட்ட, நகரசபையில் பதிந்த துண்டைத் தேடி நீலப் பையைத் திறந்தாள். நான் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது பையில் இருந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரந்து கிடந்தது. அவள் கையில் அந்தக் கடிதம்.

மாசி மாத மின்சாரச் சிட்டைக்கும் பல் வைத்தியரின் கடிதத்துக்கும் இடையில் இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள், திகதி வரிசையில். அவளைப் பதிந்தபோது படிவத்தில் என்னுடைய மின்னஞ்சலையே கொடுத்திருந்தேன். அதனால் அவர்கள் மின்னஞ்சலும் எனக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். அதையும் அச்செடுத்துக் கடிதத்தின் பின்னால் குத்தி வைத்திருந்தேன். ஒளிக்கத் தெரிந்த எனக்கு எறியத் தெரியவில்லை.

அவள் பிரெஞ்சில்தான் கதைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். நான் இங்கே தமிழில் எழுதும்போது அவளுடைய வார்த்தைகளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது. மேசையில் அது இருக்கவில்லை.

"யாராவது ஒளிக்கிற பொருளை வரிசையில் வைப்பார்களா?" என்று கேட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது அவளுக்கு. பிறகு என்னுடைய வசனத்தையே எனக்குத் திருப்பித் தந்தாள். கடையில் நான் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள். அந்த வசனத்தை மட்டும் தமிழில் சொன்னாள், என் குரலிலேயே.

சுகந்தி குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "எனக்கும் சொல்லேல்லை," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

"நீ போக வேண்டாமெண்டு நினைச்சன். பயத்தில செய்திட்டன்," என்றேன்.

"ஒரு நாள் வகுப்பு அப்பா. ஒரு நாள்."

"ஓம். தெரியும்."

அப்போது அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் அழைப்பு வந்துவிட்டதாம். ஒவ்வொருவராகப் போய் வந்து சாப்பாட்டைப் பற்றியும் படத்தைப் பற்றியும் கதைத்தார்களாம். உனக்கு எப்போது என்று கேட்டார்களாம். நாள் போகப் போக, தன்னை மட்டும் இவர்கள் வேண்டுமென்றே கூப்பிடவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"என்னுடைய பெயரால் என்று நினைத்தேன். நீங்கள் வந்த நாட்டால் என்று நினைத்தேன். உலகம் இப்படி இருக்கிற நேரத்தில் எங்களை நம்ப மாட்டார்களாக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதமாக நான் இந்த நாட்டோடு கோபித்துக்கொண்டு இருந்தேன் அப்பா. செய்தது நீங்கள்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். முகத்தில் பாதிச் சவர நுரை காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு இந்த மண்ணில் இருந்த உரிமையை அவள் மனதிலிருந்தே பிடுங்கியிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் வெட்கப்படுவது எப்படி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

5

வராத நாளுக்குக் காரணம் எழுதி, இன்னொரு திகதி கேட்க வேண்டும். இது என் தொழில். இந்த நாட்டில் ஆட்கள் ஏன் போகவில்லை, ஏன் கட்டவில்லை, ஏன் பிந்தினார்கள் என்று பிரெஞ்சில் எழுதியே என் தலை நரைத்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு வரைவு எழுதினேன்: கடுமையான காய்ச்சல் காரணமாக என் மகளால் அன்று சமூகமளிக்க முடியவில்லை.

சாருகா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "எனக்குக் காய்ச்சல் வரேல்லை."

"அது ஒரு வழமை பிள்ளை. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது."

"நீங்கள் செய்ததை எழுதுங்கோ."

இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே இருந்தோம். அதை எழுத வேண்டுமென்றால் ஏன் செய்தேன் என்று முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும். வரவேற்பறைப் படத்தில் இருப்பது சண்டையில் செத்த மாமி என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சைக்கிள் டைனமோவைச் சொன்னேன். தள்ளாடும் செய்தியைச் சொன்னேன். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். கணக்குக் கொப்பியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பின்னேரம் என்றால் எத்தனை மணி என்று நான் யோசித்த இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்களுக்குப் பதினைஞ்சு வயசு," என்றாள் தமிழில். பிறகு பிரெஞ்சுக்குப் போனாள். "மாமி அந்தக் கடிதத்தை உங்களிடம் விட்டுப் போயிருக்கக் கூடாது."

அக்காவைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. செத்தவளைக் குறை சொல்கிறாளே என்று. அந்தக் கோபம் போக இரண்டு நாள் எடுத்தது.

"இங்கே அப்படி இல்லை அப்பா," என்று அவள் தொடர்ந்தாள். "விரும்பியவர் மட்டும்தான் போகிறார். யாரும் வீட்டுக்கு வந்து கேட்பதில்லை. அந்தச் சுதந்திரம் போய்விடும் என்றுதானே இப்போது எல்லாரும் பயப்படுகிறார்கள்."

"உன்ர மாமியும் விரும்பித்தான் போனவ," என்றேன்.

குணம் அண்ணையின் தேநீர்க்கடைத் தீர்ப்புகளில் இதற்குப் பதில் இருக்காது. ஒன்று மட்டும் எனக்கு விளங்கியது. இந்த வீட்டில் ஒரு பிள்ளை தகப்பனை எதிரே இருத்தி, நீ செய்தது பிழை, அதை அரசாங்கத்துக்கு எழுது என்கிறாள். எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது என்றும் நம்புகிறாள். அந்த நம்பிக்கையோடு நான் ஒருநாளும் வளரவில்லை.

எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சின்னக் கடிதம் அதுதான். அழைப்பு என் மகளுக்குக் கிடைக்கவில்லை. தகப்பனாகிய நான் அதை மறைத்து வைத்தேன். நான் பிறந்த நாட்டில் நடந்த யுத்தத்தில் என் சகோதரியை இழந்தேன், அந்தப் பயம் காரணம். மகள் மீது பிழை இல்லை. இன்னொரு திகதி தரும்படி கேட்கிறேன்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். கொப்பி ஒன்றும் எடுத்துப் பைக்குள் வைத்தேன். கடையில் இதைக் கேள்விப்பட்ட குணம் அண்ணை தலையில் கை வைத்தார். "நீ எத்தினை பேருக்குக் காய்ச்சல் எழுதிக் குடுத்தனி. உனக்கு ஒண்டு எழுதேலாமல் போச்சே?"

அவர்கள் பதிலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. புதுத் திகதி மட்டும் இருந்தது. உறையை நான் உடைக்கவில்லை. சாருகாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

6

அன்று கடைக்கு விடுப்பு எடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. முகாம் வாசல்வரை கூட நடந்தேன். வாசலில் நின்ற சீருடைக்காரப் பெண்ணுக்கு சாருகாவின் வயதைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். பட்டியலில் பெயரைத் தேடினாள். எங்கள் நீளமான பெயரைப் பிழையாக வாசித்தாள். சாருகா திருத்தினாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரியாக வாசித்தாள். மகள் உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கட்டடத்துக்குள் மறையும்வரை நான் வாசலில் நின்றேன்.

எதிரே இருந்த கபேயில் நாள் முழுக்க இருந்தேன். மூன்று கோப்பி குடித்தேன். அங்கேயும் தொலைக்காட்சியில் அதே வரைபடம், அதே அம்புக்குறி. நான் அக்காவின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். படத்தில் இருக்கும் முகம்தான் வந்தது. பிறகு பெடலைச் சுற்றும்போது நெற்றியில் ஒட்டிக்கிடக்கும் முடி வந்தது. அதோடு அவளே வந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு நான் அவளோடு ஒரு மத்தியானம் முழுக்க இருந்தேன்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். சாருகா இரண்டு பெண்களோடு சிரித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் அவர்களுக்குக் கை காட்டிவிட்டு வந்து சான்றிதழை நீட்டினாள். "இந்தாங்கோ, பையில வையுங்கோ."

ரயிலில் எதிரெதிரே இருக்கை கிடைத்தது. சாப்பாடு உப்பில்லையாம். லேசர்த் துப்பாக்கியால் குறி பார்க்க விட்டார்களாம், ஒன்றும் படவில்லையாம். யன்னலுக்கு வெளியே கட்டடங்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு தமிழில் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி, பாதியில் பிரெஞ்சுக்குப் போகாமல், முழுக்கத் தமிழில்.

"அப்பா, அங்கை ஒரு படிவம் தந்தவை. பத்து மாதச் சேவையைப் பற்றித் தகவல் வேணுமோ எண்டு ஒரு கேள்வி. நான் ஓம் எண்டு போட்டனான்."

நான் அவளைப் பார்த்தேன்.

"தகவல் மட்டும்தான். போவனோ எண்டு எனக்கே தெரியாது. ஆனால் போறதெண்டா, உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுத்தான் போவன். கடிதம் எழுதி வைக்கமாட்டன்."

ரயில் சென்-தெனியில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"பயப்பிடுறியளோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நானும்தான்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீங்கள் சொல்ல வேண்டாம்."

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னே ஒரு கணக்குக் கொப்பிக்குள் நான் தேடிய வரி அதுதான். அந்த ரயிலில், அத்தனை ஆட்களுக்கு நடுவில், நான் அழுதேன். அவள் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டையும் கழற்றாமல் நேரே குசினிக்குப் போனாள். நான் நடையில் நின்று சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேன். சாருகாவின் குரல் கேட்டது. பிறகு சுகந்தியின் குரல், முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, பிறகு இரண்டு குரல்களும் ஒன்றாக. நான் உள்ளே போகவில்லை. அது அவளுடைய செய்தி.

அலுமாரியிலிருந்து நீலப் பையை எடுத்தேன். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் திகதி பார்த்து அதன் இடத்தில் வைத்தேன். அன்றைக்குப் பையைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் நடுவில், திறந்தபடியே விட்டேன்.